மரக்காணத்துக்குப் படகு பேசப் போனோம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு வண்டி விழுப்புரத்தை விட்டது. அறுபத்தொன்றாம் வருஷம், தை அமாவாசைக்கு மறுநாள். பதினோரு வருஷமாக அந்த ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஊரார் மூட்டைகளையெல்லாம் ஊர் ஊராக அனுப்பிவைத்த நான், அன்று என் மனைவி கனகவல்லியுடன் ஜன்னலோரம் உட்கார்ந்து, சிறுவனைப் போல வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். இருபத்துமூன்று மைலும் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்று பார்த்தது ரயில் பாதையை அல்ல, பாதையோரக் குட்டைகளையும் ஏரிகளையும். எங்கே தண்ணீர் தெரிந்தாலும், "இதில் படகு போகுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"முட்டிக்கால் தண்ணிங்க. எருமை போவும்" என்றாள் கனகவல்லி.

இந்த ஆசை எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில், ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர் தம் தட்டுமுட்டுச் சாமான்களைத் தஞ்சாவூருக்கு அனுப்ப வந்தார். அதில் ஒரு நீளமான தகரக் குழாய் இருந்தது. உள்ளே என்ன என்று கேட்டதும், திறந்து வரைபடம் ஒன்றை என் மேஜைமேல் விரித்தார். கடற்கரையை ஒட்டி ஒரு நீலக் கோடு, மரக்காணத்தில் தொடங்கிச் சென்னையைத் தாண்டி ஆந்திராவுக்குள் போய்க்கொண்டே இருந்தது. பக்கிங்காம் கால்வாய். சில இடங்களில் அது வெட்டிய வாய்க்கால், சில இடங்களில் உப்பங்கழி, சில இடங்களில் ஆற்று முகத்துவாரத்தைக் குறுக்கே கடந்து மறுபடி வாய்க்கால். ஓர் இடத்திலும் கோடு அறவில்லை. "இதிலே ஆள் போகலாமா?" என்று கேட்டேன். "உப்பு போகிறது, விறகு போகிறது. ஆள் ஏன் போகக் கூடாது?" என்றார் அவர்.

அன்று மாலையே அதைக் கனகவல்லியிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, "எத்தினி நாள் ஆவும்?" என்று கேட்டாள்.

மரக்காணத்திலிருந்து சென்னைக்குத் தண்ணீர் வழியாக அறுபத்தைந்து மைல் என்று கணக்குப் போட்டேன். ஆலம்பரை, கடப்பாக்கம், பரமன்கேணி, பாலாற்று முகம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம், முட்டுக்காடு, அடையாறு. இந்தப் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தினமும் சாப்பிட்ட பிறகு இருவரும் படித்தோம். பிறகு சாமான் பட்டியல் போட்டோம். மண்ணெண்ணெய் அடுப்பு, அரிக்கேன் விளக்கு, குடை இரண்டு, கொசுவலை, எலுமிச்சை ஊறுகாய், மடக்குக் கட்டில். பட்டியல் மூன்று பக்கம் ஆயிற்று. படகு மட்டும்தான் இல்லை. சித்திரையில் என்னை ஜோலார்பேட்டைக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அங்கே போனால் கடல் எங்கே, கால்வாய் எங்கே. அதனால்தான் இந்த அவசரம்.

எட்டு மணிக்குள் திண்டிவனத்தில் இறங்கிவிட்டோம். இட்டிலி சாப்பிட்டு, ஒன்பதரை மணி பஸ்ஸில் ஏறினோம். மரக்காணத்துக்கு ஏறத்தாழ இருபது மைல். ஆளுக்குத் தொண்ணூறு நயா பைசா. பிரம்மதேசம் தாண்டும்வரை இரு பக்கமும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மண் வெளுத்தது, பனைமரங்கள் நெருங்கின. காற்றில் உப்பு வாடை வந்தபோது கனகவல்லி என் முழங்கையைக் கிள்ளினாள். வலித்தது.

மரக்காணத்தில் முதலில் கண்ணில் படுவது உப்பு. பனையோலை போர்த்திய உப்புக் குவியல்கள், வீடு வீடாகக் கட்டிவைத்ததுபோல, கண்ணுக்கெட்டியவரை. அவற்றுக்கு நடுவே கால்வாய். நான் நினைத்ததைவிடக் குறுகல், நினைத்ததைவிட அழகு. தண்ணீர் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். கரையோரம் ஏழெட்டுப் படகுகள் கட்டிக் கிடந்தன. தட்டையான அடி, நீண்ட உடல், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பாய்மரம். கரையின் மேல், படகைக் கயிறு கட்டி இழுத்து நடக்க ஓர் ஒற்றையடிப் பாதை.

பத்துப் பேரிடம் கேட்டிருப்போம். சரக்கு இருந்தால் பேசினார்கள். "நாங்கள் இரண்டு பேர்தான் சரக்கு" என்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுப் படகுக்குள் போய்ப் படுத்தே விட்டார். பன்னிரண்டு மணிக்குச் சவரிமுத்துவிடம் வந்து சேர்ந்தோம். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை; தோள்பட்டையில் இழுகயிற்றின் தழும்பு. பாயில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், ஊசியை நிறுத்தாமலே நான் சொன்னதைக் கேட்டார்.

"நீங்க இன்னா வேலைங்க பாக்கறீங்க?"

"ரயில்வேயில், பார்சல் ஆபீஸ்."

"ரயில்காரரு. ரயிலு மூணு மணி நேரத்துல மெட்ராஸ் போயிடுது. பாஸும் குடுக்கறாங்க. நீங்க எதுக்குங்க ஒரு வாரம் படகுல போவணும்?"

"பார்க்கத்தான்."

அவர் ஊசியை நிறுத்தினார். "இத பாருங்க. பிராந்தி கேசு புடிக்க வந்தவங்கன்னா நேராச் சொல்லிடுங்க. பாண்டிச்சேரி பாட்டிலு நம்ம படகுல ஏறினதே கெடையாது. வேணும்னா பலகையப் பேத்துப் பாத்துக்கோங்க."

அப்போதுதான் புரிந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். பாண்டிச்சேரியோ கூப்பிடு தூரம். வேலை வெட்டி இல்லாமல் கால்வாயைப் பார்க்க வருகிறவன் வேறு யாராக இருப்பான்? காலை முழுதும் நாங்கள் போன இடமெல்லாம் ஜனங்கள் விலகியதன் ரகசியம் இதுதான். என் ரயில்வே பாஸை எடுத்துக் காட்டினேன். அதிலிருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் பலமாயிற்று.

கனகவல்லி முன்னால் வந்தாள். அவள் ஒலக்கூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். பேச வேண்டியதைச் சுற்றிவளைத்துப் பேச மாட்டாள்.

"அண்ணே, எனக்குக் கண்ணாலமாயி ஒம்போது வருசம். கொழந்தை இல்ல. திருப்பதி, திருவண்ணாமல, வேளாங்கண்ணி எல்லாம் போயிட்டு வந்தாச்சி. எங்க போனாலும் கேட்டுக்கினே போறேன், அழுதுக்கினே வர்றேன். ஒரே ஒரு வாட்டி யார்கிட்டயும் எதுவும் கேக்காம, சும்மா ஒரு எடத்துக்குப் போயிட்டு வரணும்னு இருக்குது. அதுக்குத்தான் படகு."

இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. எத்தனை நாள் என்று கேட்டாள், பட்டியல் போட்டாள், மடக்குக் கட்டில் வேண்டாம் என்று சண்டை பிடித்தாள். இதை மட்டும் சொல்லவில்லை. வெயிலில் நின்றுகொண்டு என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சவரிமுத்து பாயைச் சுருட்டி வைத்தார். "நாளைக்கு வெடிகாலைல கடப்பாக்கத்துக்கு உப்பு ஏத்திக்கினு போறேன். ஒம்போது மைலு. கூட வந்து பாருங்கம்மா. தாங்கினீங்கன்னா மெட்ராஸப் பத்தி அப்பறமாப் பேசலாம்" என்றார்.

அன்றிரவு உப்புக் கிடங்கின் முன்னறையில் தங்க இடம் கொடுத்தார். அவர் வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன.

புதன்கிழமை காலை ஐந்தரைக்குப் படகு நகர்ந்தது. அந்த நகர்வை எப்படிச் சொல்வது? ரயில் புறப்படும்போது ஓர் உலுக்கல் உண்டு. பஸ்ஸில் ஓர் உறுமல் உண்டு. இதில் ஒன்றுமே இல்லை. கரைதான் மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. சவரிமுத்துவின் மச்சான் தேவசகாயம் கரையில் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். சவரிமுத்து பின்னால் நின்று சுக்கானைப் பிடித்தார். நாங்கள் உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். கனகவல்லி கையைத் தண்ணீரில் விட்டு எடுத்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னாள். கரித்தது.

ஏழு மணிக்கு வெயில் வந்தது. கிழக்கே மணல்மேடு, அதன் பின்னால் கடலின் சத்தம், கடல் தெரியவில்லை. மேற்கே விரிந்த சேற்றுநிலத்தில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள். ஒரு கூட்டம் எழுந்தபோது, வெள்ளையாக நின்றதெல்லாம் இறக்கைக்கு அடியில் ரோஜா நிறமாயிற்று. எட்டு மணிக்குக் காற்று சாதகமாகத் திரும்பியது. பாயை விரித்ததும் படகு தானே ஓடியது. தேவசகாயம் கயிற்றைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு ஏறிக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு மைலையும் குறித்துவந்தேன். பத்து மணிக்கு அதை மூடிவைத்துவிட்டேன். எழுதுகிற நேரத்தில் பார்க்கலாம் என்று தோன்றியது.

பதினொரு மணிக்குச் சற்று முன்னே ஆலம்பரைக்குத் தெற்கே கால்வாய் உப்பங்கழியில் திறந்தது. அதுவரை ஒரு தெருவில் வந்தவர்கள் திடீரென்று மைதானத்துக்கு வந்ததுபோல இருந்தது. தூரத்தில் இடிந்த கோட்டைச் சுவர். வலப்பக்கம் மணல்மேட்டில் ஓர் இடைவெளி. அதன் வழியாக, அந்தப் பயணத்தில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தோம், வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. காற்று விழுந்துவிட்டது. தேவசகாயம் மறுபடி இறங்கி, கழியின் நடுவே நீளமாகக் கிடந்த ஒரு மணல்திட்டின் மேல் கயிற்றோடு நடந்தார்.

"அமாவாச தண்ணி. கடலு வாங்கிக்கினு கெடக்குது. ஜல்தி, ஜல்தி" என்று சவரிமுத்து குரல் கொடுத்தார். அமாவாசையை ஒட்டிக் கழித் தண்ணீரெல்லாம் கடலை நோக்கி வேகமாக இறங்கும் என்று பின்னால் விளக்கினார். அப்போது விளக்க நேரமில்லை. பட் என்று ஒரு சத்தம். இழுகயிறு அறுந்து, தேவசகாயம் முன்னால் குப்புற விழுந்தார்.

படகு ஒரு கணம் நின்றது. பிறகு வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. சவரிமுத்து மூங்கில் கழியை ஊன்றினார். அது சேற்றில் புதைந்து, படகு போய்விட, மூங்கில் தண்ணீருக்கு நடுவே தனியாக நின்றது. இப்போது எங்களிடம் சுக்கான் ஒன்றுதான். முகத்துவாரத்தின் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சுக்கானை விட்டால் படகு குறுக்கே திரும்பி எந்தப் பக்கம் கவிழும் என்று சொல்ல முடியாது. மணல்திட்டு முப்பது கஜ தூரத்தில் இருந்தது. நடுவே ஆழமான ஓட்டம். எனக்கு நீச்சல் தெரியாது. விழுப்புரத்தில் வளர்ந்தவனுக்கு எங்கே தெரியும்?

"ரயில்காரரே, நீந்துவீங்களா?"

இல்லையென்று நான் தலையை ஆட்டியதுதான் நினைவிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் கனகவல்லி புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டிருந்தாள். பாய்க்கயிற்றின் மெல்லிய முனையை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். "அந்த முனை கட்டியிருக்குதா, பாருங்க" என்று என்னிடம் சொன்னாள். பார்த்தேன், கட்டியிருந்தது. அவள் குதித்துவிட்டாள்.

ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கிணற்றில் பழகிய நீச்சல். தலையை உயர்த்தி, கையை அகட்டி வீசி, சத்தமாகத் தண்ணீரை அடித்துக்கொண்டு போனாள். ஓட்டம் அவளைக் கடல் பக்கமாகத் தள்ளியது. நேரே போகாமல் சாய்வாகப் போனாள். நான் கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். கை காந்தியது. கயிறு தீர இன்னும் நாலு சுற்றுத்தான் இருந்தபோது அவள் எழுந்து நின்றாள். இடுப்பளவு தண்ணீர். தேவசகாயம் முழங்கால் சேற்றில் ஓடிவந்து அவளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். இருவரும் குதிகாலை மணலில் புதைத்துச் சாய்ந்தார்கள். கயிறு விறைத்தது. படகு முனகிக்கொண்டே பெரிய வட்டமாகத் திரும்பி, மணல்திட்டின் ஓரத்தில் மெத்தென்று ஏறி நின்றது.

நான் இறங்கி ஓடினேன். ஓடியதில் சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. அவள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். கயிறு உராய்ந்து இடுப்பில் தோல் சிவந்திருந்தது. "உனக்கு நீச்சல் தெரியும்னு சொல்லவே இல்லையே" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லியே" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

சவரிமுத்து வந்து அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "கயித்தப் பாத்து மாத்தியிருக்கணும். என் தப்பு, தங்கச்சி" என்றார். முந்தின நாள் வரை அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

"மெட்ராஸ் போறப்ப புதுக்கயிறு போட்டுக்கலாம்ணே" என்றாள்.

சவரிமுத்து என்னைப் பார்த்தார். "இன்னுமா போவணும்ங்கறாங்க?" என்று கேட்டார். அவளையே கேளுங்கள் என்று நான் சொன்னேன்.

தண்ணீர் வற்றிக்கொண்டே போய்ப் படகு முழுவதுமாக மணலில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் மறுபடி ஏற மாலை ஐந்து மணியாகும் என்றார்கள். அந்த ஆறு மணி நேரந்தான் எங்கள் பயணத் திட்டம் உருவான நேரம். தேவசகாயம் ஆலம்பரைக் குப்பத்துக்கு நடந்து போய் இறால் வாங்கிவந்தார். எட்டணாவுக்கு ஒரு கூடை. மணலில் மூன்று கல் வைத்துச் சமைத்தோம். கேப்பைக் களியும் இறாலும். சாப்பிட்டுக்கொண்டே சவரிமுத்து ஈர மணலில் விரலால் கால்வாயை வரைந்தார். ஓவர்சியரின் வரைபடத்தில் இல்லாததெல்லாம் அதில் இருந்தது. எங்கே நல்ல தண்ணீர்க் கிணறு, எந்தப் பாலத்தின் அடியில் பாய்மரத்தைச் சாய்க்க வேண்டும், பாலாற்று முகத்தை எந்த நேரத்தில் கடக்க வேண்டும், மாமல்லபுரத்தில் எந்தத் துறையில் இறங்கினால் கோயில் கிட்டே. நான் எழுத, கனகவல்லி கேள்வி கேட்க, அவர் சொல்லச் சொல்ல ஏழு நாளும் நிறைந்தன.

எங்கள் சாமான் பட்டியலை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். "கட்டில் போட்டா நான் எங்கங்க நிக்கறது?" என்று அதை அடித்தார். குடை இரண்டில் ஒன்றை அடித்தார். கடைசியில் அரைப் பக்கம் மிஞ்சியது.

"என்னைக்குக் கெளம்பலாம்ணே?"

"அமாவாசயும் வாணாம், பௌர்ணமியும் வாணாம். இன்னைக்குப் பாத்தீங்க இல்ல? நடுவுல வர்ற நாள்லதான் கடலு சாதுவா இருக்கும். மாசி வளர்பிறை அஷ்டமி."

கனகவல்லி என்னைப் பார்த்தாள். அஷ்டமியில் எங்கள் வீட்டில் கடைக்குக்கூடப் போக மாட்டார்கள். என் அண்ணன் என்ன சொல்வார் என்று எனக்கு அப்போதே காதில் விழுந்தது.

"அஷ்டமியில யாரும் கெளம்ப மாட்டாங்களேண்ணே."

"அதான் கால்வாய் காலியாக் கெடக்கும், தங்கச்சி."

"அப்ப அஷ்டமின்னே எழுதிக்கோங்க" என்று என்னிடம் சொன்னாள்.

ஏழு நாளைக்கு நாற்பது ரூபாய், சாப்பாடு எங்களுடையது என்று பேசிக்கொண்டோம். திரும்பும்போது சென்னையிலிருந்து ஓடு ஏற்றிவர அவருக்கு வேலை இருந்ததால், போகும்போது படகு எங்களுக்கு மட்டும். ஐந்தே காலுக்குப் படகு அசைந்தது. இருட்டுவதற்குள் கடப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம்.

வியாழக்கிழமை பஸ்ஸில் அச்சிறுபாக்கம், அங்கிருந்து திண்டிவனம், பிறகு ரயில். மாலை நான்கு மணிக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நடைமேடையில் வழக்கமான கூட்டம். கல்யாணத்துக்கு, கேசுக்கு, வேலைக்கு, வேண்டுதலுக்கு என்று ஆளுக்கொரு காரணத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருஷமாக இவர்களைப் பார்க்கிறேன். போகிற வழியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எனக்கும் இருந்ததில்லை.

நடுவில் ஐந்து வாரம். அண்ணன் அஷ்டமிக்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தார். கனகவல்லி என்னைத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அவள் சித்தப்பா கிணற்றுக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய், வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து நீந்தக் கற்றுக்கொடுத்தாள். கிணற்று மேட்டில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. பதினைந்து கஜம் வரை போகிறேன். அதற்கு மேல் போனதில்லை.

மாசி அஷ்டமியன்று காலை ஆறு மணிக்கு மரக்காணத் துறையில் இருந்தோம். புது இழுகயிறு, மஞ்சள் நிறம் மாறாமல், சுருளாகக் கிடந்தது. உப்பு இல்லாத படகு தண்ணீருக்கு மேல் உயர்ந்து நின்றது. கனகவல்லி முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். தேவசகாயம் கயிற்றைத் தோளில் மாட்டும் நேரத்தில், துறையில் படகுகளைப் பதிவு செய்யும் குமாஸ்தா பெரிய நோட்டோடு வந்தார்.

"எந்த ஊருக்கு?"

"மெட்ராஸு" என்றார் சவரிமுத்து.

"சரக்கு?"

"இல்லீங்க."

குமாஸ்தா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அடுப்பை, குடையை, முன்னால் உட்கார்ந்திருந்த கனகவல்லியைப் பார்த்தார். "சரக்கு இல்லாம அறுபது மைலுக்கு மேல எதுக்கய்யா போறீங்க? இவங்க யாரு? இன்னா ஜோலி?"

நான் வாயைத் திறப்பதற்குள் சவரிமுத்து சுக்கானைத் தண்ணீரில் இறக்கினார்.

"ஜோலி ஒண்ணும் இல்லீங்க. என் தங்கச்சியும் மாப்பிள்ளையும். சும்மா பாக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுக் கரையைப் பார்த்துக் கையை அசைத்தார். கயிறு நிமிர்ந்தது.